அகமதாபாத்தில் கூடிய மாநாடும் எங்கள் வீட்டுத் தறியும்

முன்னுரை

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ஆடையாகிய அந்தப் பாதியை நெய்து கொடுப்பவர் யார், அதிலுள்ள பூவையும் கொடியையும் நினைத்து வரைந்தவர் யார், அது எந்த வழியாகக் கடைக்கு வந்து சேர்ந்தது என்று நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. தறிக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த நானே அண்மைக் காலம் வரை அதை எண்ணிப் பார்த்ததில்லை.

சென்ற ஆகஸ்டு 7ஆம் நாள் எம் பள்ளியில் தேசியக் கைத்தறி நாளைக் கொண்டாடினோம். 1905ஆம் ஆண்டு அதே நாளில் கல்கத்தாவில் சுதேசி இயக்கம் தொடங்கியதன் நினைவாக, 2015ஆம் ஆண்டு முதல் இந்நாள் கொண்டாடப்பட்டு வருகிறது. அன்று பேசுவதற்காகச் சமூக அறிவியல் சிஸ்டர் எனக்குக் கொடுத்த தலைப்பு, ‘1979ஆம் ஆண்டு அகமதாபாத் வடிவமைப்பு மாநாடு’ என்பது. தலைப்பைக் கேட்டதும் எனக்குப் பயமாகிவிட்டது. “சிஸ்டர், அகமதாபாத் எங்கே, நம் ஜெயங்கொண்டம் எங்கே? வேறு தலைப்புக் கொடுங்கள்” என்று கெஞ்சினேன். “தறி வீட்டுப் பிள்ளை நீ பேசாமல் வேறு யார் பேசுவது?” என்று சொல்லிவிட்டார்கள்.

படிக்கப் படிக்க என் வீட்டுக் கதையையே படிப்பது போலிருந்தது. அன்று ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாமற் போனதை இம்மலரில் எழுதுகிறேன். பொறுமையோடு படிக்குமாறு தோழியரையும் பெற்றோரையும் கேட்டுக்கொள்கிறேன்.

வடிவமைப்பு என்றால் என்ன?

வடிவமைப்பு என்றால் அழகாகப் படம் வரைவது என்றுதான் நானும் எண்ணியிருந்தேன். அது பாதி உண்மை. ஒரு பொருளை யார் பயன்படுத்துவார், எப்படிப் பயன்படுத்துவார், எதனால் செய்யலாம், என்ன விலையாகும் என்பனவற்றையெல்லாம் முன்கூட்டியே சிந்தித்து, அதற்கேற்ப உருவம் கொடுப்பதே வடிவமைப்பு.

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அமெரிக்க நாட்டு வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், அவர் துணைவியார் ரே ஈம்ஸ் ஆகிய இருவரையும் நம் அரசு அழைத்து, இந்தியாவில் வடிவமைப்புக் கல்வி எப்படி அமைய வேண்டும் என்று ஆலோசனை கேட்டது. அவர்கள் நாடு முழுவதும் சுற்றிப் பார்த்து, 1958ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் ‘இந்தியா அறிக்கை’ என்ற சிறு அறிக்கையை அளித்தார்கள். அதில் அவர்கள் மிகவும் புகழ்ந்து எழுதிய பொருள் எது தெரியுமா? அரண்மனையோ சிற்பமோ அன்று. வடநாட்டில் லோட்டா என்று சொல்லப்படும் சாதாரணச் செம்பு!

ஒரு செம்பைச் செய்யப் புகுந்தால் எத்தனை கேள்விகள் எழும் என்று அவர்கள் அடுக்கிக் காட்டினார்கள். அதில் எவ்வளவு நீர் கொள்ள வேண்டும்? இடுப்பில் வைப்பதா, தலையில் வைப்பதா, கையில் ஏந்துவதா? நிறைந்திருக்கும்போது எடை எங்கே நிற்கும்? ஊற்றும்போது நீர் எப்படி விழும்? தேய்த்துக் கழுவ எளிதா? விலை என்ன? இத்தனை கேள்விகளுக்கும் விடை சொல்லும் அச்செம்பை ஒரு தனி மனிதர் வரையவில்லை. பல தலைமுறை மக்கள் சிறிது சிறிதாகத் திருத்தி அமைத்திருக்கிறார்கள். குழாயடியில் குடத்தை இடுப்பில் ஏற்றும் நம் தாய்மாருக்கு இது சொல்லாமலே விளங்கும்.

எங்கள் தறியில் எத்தனை ஊர்கள்!

ஜெயங்கொண்டத்தைச் சுற்றி முந்திரிக் காடு இருப்பது வெளியூரார் பலருக்கும் தெரியும். ஆனால் இலையூர், வாரியங்காவல் முதலிய ஊர்களில் பட்டு நெசவு நடப்பது அவ்வளவாகத் தெரியாது. விடியற்காலையில் தெருவில் நடந்தால் பாவு நீட்டியிருப்பதைக் காணலாம். வீட்டுக்குள்ளிருந்து நாடா ஓடும் ஓசை கேட்கும்.

எங்கள் வீட்டில் குழித்தறி இரண்டு. அப்பா நெய்வார். அம்மா ராட்டையில் தார் சுற்றுவார். பள்ளி விட்டு வந்தபின் நானும் சுற்றுவேன். எங்கள் தறியை நான் ஊர்த் தறி என்றே நினைத்திருந்தேன். கட்டுரைக்காக விசாரித்தபோதுதான் உண்மை தெரிந்தது. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை குஜராத்திலுள்ள சூரத்திலிருந்து வருகிறது. தறிக்கு மேலே பெட்டி போல நிற்கும் ஜக்கார்டு கருவியோ பிரான்சு நாட்டைச் சேர்ந்தது. ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் 1804ஆம் ஆண்டளவில் அதை அமைத்தார். துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்து அதில் மாட்டினால், துளை இருக்கும் இடத்துக்குரிய இழை மட்டும் மேலே எழும்பும். அப்படித்தான் கரையில் மயிலும் முந்தியில் கொடியும் விழுகின்றன.

ஆகவே, வெளிநாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று கேட்க வேண்டியதில்லை. பிரான்சு நாட்டவர் ஒருவருடைய எண்ணம் எங்கள் வீட்டுக் கூரைக்குக் கீழே நாள்தோறும் வேலை செய்துகொண்டிருக்கிறது.

பழங்காலத்துத் தொடர்புகள்

நம் ஊருக்கு அருகிலுள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கிய இராசேந்திர சோழன் காலத்திலேயே நம் நாட்டுக்குக் கடல் கடந்த வாணிகம் இருந்தது. சோழர் தூதுக் குழுக்கள் 1015, 1033, 1077ஆம் ஆண்டுகளில் வந்து சென்றதைச் சீன நாட்டு ஆவணங்கள் குறித்து வைத்துள்ளன. பின்னர் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரரும் டேனிஷ்காரரும் ஆங்கிலேயரும் சோழமண்டலக் கரைக்கு வந்தனர். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர் 1620இல் கோட்டை கட்டினர். இவர்கள் தேடி வந்தவற்றுள் முக்கியமானது நம் பருத்தித் துணி. அதைக் கொடுத்து இந்தோனேசியத் தீவுகளில் வாசனைப் பொருள்களை வாங்கினர்.

ஐரோப்பியக் கம்பெனிகள் தங்கள் நாட்டு மக்களுக்குப் பிடித்த மாதிரிகளைக் கப்பலில் அனுப்பி, அவற்றைப் பார்த்துத் துணியில் எழுதித் தரும்படி இங்குள்ள கைவினைஞரைக் கேட்டன. நம்மவர்கள் அதைத் தங்கள் கைவாக்கில் மாற்றி எழுதினர். அந்தக் கலப்பில் பிறந்த பூந்துணிகளை ஐரோப்பியப் பெண்கள் விரும்பி அணிந்தார்கள். இதனால் அங்குள்ள நெசவாளர் கிளர்ந்தெழவே, பிரான்சு 1686இலும் இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிலும் சட்டம் இயற்றி இத்துணிகளைத் தடுத்தன. பிறகு இயந்திரம் வந்தது. நம் துணியைப் போலவே அச்சடித்து நமக்கே விற்றார்கள். கேட்பவன் ஒருவன், செய்பவன் ஒருவன், இலாபம் மட்டும் ஒரு பக்கத்துக்கே என்றிருந்தால் அத்தொடர்பு நிலைக்காது என்பதே இதில் நாம் காணும் உண்மை.

கோடாலி கருப்பூர் தரும் பாடம்

இன்னும் அருகிலேயே ஒரு பாடம் உண்டு. நம் உடையார்பாளையம் வட்டத்தில், கொள்ளிடக் கரையோரம், கோடாலி கருப்பூர் என்ற ஊர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய அரச குடும்பத்தாருக்காக அங்கே ஒரு வகைச் சேலை செய்தார்கள். மெல்லிய பருத்தித் துணியில் ஜரிகையால் பூக்களை நெய்வார்கள். பிறகு மெழுகு பூசி, கையால் எழுதி, சிவப்புச் சாயம் ஏற்றுவார்கள். முடிந்தபின் செந்நிறத்துக்குள்ளிருந்து பொன் மெல்ல ஒளிவிடும். நெசவும் ஓவியமும் சாயமும் ஒன்றாய்க் கூடிய அரிய வேலை அது.

1855இல் மன்னர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தார். ஆங்கிலேயர் அரசை எடுத்துக்கொண்டனர். அரண்மனை போயிற்று. அரண்மனை ஒன்றையே நம்பியிருந்த சேலையும் மெல்ல மெல்ல மறைந்தது. கை இருந்தது, கலை இருந்தது, வாங்குவார் இல்லை! இன்று அச்சேலையைக் காண விரும்புவோர் அருங்காட்சியகத்துக்குத்தான் போக வேண்டும். கருப்பூர்க் கலம்காரி ஓவியத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்திருப்பது ஓர் ஆறுதல்.

ஒரே புரவலரை நம்பிய கலை அவரோடு போய்விடும். புதிய கண்களும் புதிய வாங்குவோரும் அதற்கு வேண்டும். இதற்காகத்தான் மாநாடுகள் வேண்டியிருக்கின்றன.

அகமதாபாத் மாநாடு

மாநாடு என்பது திடீரென்று முளைப்பதன்று. 1955ஆம் ஆண்டு நியூயார்க் நகரில், நவீனக் கலை அருங்காட்சியகத்தில், இந்தியத் துணிகளும் அணிகலன்களும் காட்சிக்கு வைக்கப்பட்டன. கைத்தறிக்காக உழைத்த புபுல் ஜெயகர் அம்மையார் அங்கே சார்லஸ் ஈம்ஸைச் சந்தித்தார். அந்த அறிமுகம் 1958இல் ‘இந்தியா அறிக்கை’யாயிற்று. அந்த அறிக்கையின் பயனாக 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. அந்நகரத்தின் கௌதம் சாராபாயும் அவர் சகோதரி கீரா சாராபாயும் அதை வளர்த்தார்கள். ஒரு கண்காட்சியில் நடந்த பேச்சு, ஆறே ஆண்டில் ஒரு கல்விக்கூடமாயிற்று!

அந்நிறுவனத்தில்தான் 1979ஆம் ஆண்டு ஜனவரி 14 முதல் 24 வரை பன்னாட்டு மாநாடு கூடியது. அதைக் கூட்டியவை இரண்டு அமைப்புகள். ஒன்று, ஐக்கிய நாடுகளின் தொழில் வளர்ச்சி அமைப்பு. மற்றொன்று, 1957இல் இலண்டனில் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தொழில் வடிவமைப்புச் சங்கங்களின் பேரவை. இப்பேரவைக்கு 2017 முதல் உலக வடிவமைப்பு அமைப்பு என்று பெயர். இவ்விரண்டும் 1977இல் தமக்குள் ஓர் உடன்பாடு செய்துகொண்டிருந்தன. வளரும் நாடுகளின் தொழிலுக்கு வடிவமைப்பு எவ்வாறு உதவும் என்பதே மாநாட்டின் பொருள். முடிவில் ‘வளர்ச்சிக்கான தொழில் வடிவமைப்பு பற்றிய அகமதாபாத் பிரகடனம்’ ஏற்றுக்கொள்ளப்பட்டது.

அப்பிரகடனத்தின் கருத்தை என் சொற்களில் தருகிறேன். ஒரு பக்கம் வீணாக்குவோரும் மறுபக்கம் இல்லாமையால் வாடுவோரும் இருக்கும் உலகில், அந்த இடைவெளியைக் குறைக்க வடிவமைப்பு உதவ வேண்டும். அந்தந்த ஊரின் தேவைக்கு அந்தந்த ஊரின் பொருளாலும் கைத்திறனாலும் விடை தேட வேண்டும். அதே வேளையில் அறிவியலின் வலிமையையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு நாடும் வடிவமைப்புக் கல்வியை வளர்த்து, அதைத் தொழிற்சாலையோடும் சிறு தொழிலோடும் கிராமத்தோடும் இணைக்க வேண்டும்.

வெளிநாட்டாரைப் பார்த்து அப்படியே செய்யுங்கள் என்று அம்மாநாடு கூறவில்லை. உங்கள் வேரை விடாமல் உலகத்தோடு பேசுங்கள் என்றே கூறியது. எனக்கு இது மிகவும் பிடித்தது.

மாநாட்டினால் வணிகம் எப்படி வளர்கிறது?

“கூடிப் பேசினால் துணி விற்றுவிடுமா?” என்று என் தோழி ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்விதான். வடிவமைப்பு மாநாடுகளில் பெரும்பாலும் மூன்று வகை மக்கள் கூடுகிறார்கள். பொருளை நினைப்பவர், பொருளைச் செய்பவர், பொருளை வாங்கி விற்பவர். சொற்பொழிவு ஒரு பக்கம் நடக்கும். கண்காட்சி ஒரு பக்கம் நடக்கும். வாங்குவோரும் விற்போரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசுவதற்குத் தனி இடம் ஒதுக்கப்படும்.

வெளிநாட்டு வணிகர் ஒருவருக்கு ஒரு துணி பிடித்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதலில் சிறு மாதிரி கேட்பார். அவர் நாட்டுக்கேற்ற நிறமும் அகலமும் சொல்லுவார். மாதிரி சரியாக வந்தால் சிறிய அளவில் ஆர்டர் தருவார். சாயம் போகாதா, அளவு மாறாதா, சொன்ன நாளில் கப்பலேறுமா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால்தான் பெரிய ஆர்டர் வரும். பெண் பார்க்கும் நாளிலேயே தாலி கட்டுவதில்லை அல்லவா? அதுபோல, மாநாடு பெண் பார்க்கும் நாள்தான். குடும்பம் நடத்துவது அதன்பின் பல ஆண்டு வேலை.

இதற்கு உதவியாக நம் நாட்டில் 1956 முதல் நெசவாளர் சேவை மையங்கள் ஏற்பட்டன. புபுல் ஜெயகர் அம்மையாரின் முயற்சி அது. ஓவியர்களும் நெசவாளர்களும் ஒரே கூரையின் கீழ் வேலை செய்து புதிய மாதிரிகளை உருவாக்குவதே நோக்கம். நம் மாநிலத்தில் காஞ்சிபுரத்தில் ஒரு மையம் உண்டு.

இரண்டு நிகழ்ச்சிகள்

சந்திப்பு நல்லதாயிருந்தும் பேச்சு முழுமையாகாவிட்டால் என்னவாகும் என்பதற்கு ‘மெட்ராஸ் துணி’யின் கதையைச் சொல்வார்கள். 1958ஆம் ஆண்டு, கேப்டன் கிருஷ்ணன் நாயர் என்பவரிடம் அமெரிக்க இறக்குமதி வணிகர் ஒருவர் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கிச் சென்றார். இயற்கைச் சாயத் துணியாதலால் குளிர்ந்த நீரில் மெதுவாக அலச வேண்டும் என்று நாயர் சொல்லி அனுப்பினாராம். அச்சொல் வாங்கி உடுத்தியவர்களிடம் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் சாயம் ஒன்றோடொன்று கலந்தது. ஒரே கூச்சல்! வழக்கு வரும் நிலை. ஆனால் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில், ஒவ்வொரு சலவையிலும் புது நிறம் காட்டும் கைத்தறி அதிசயம் என்று எழுதப்படவே, குறையே பெருமையாகிவிட்டது. ‘சாயம் கசியும் மெட்ராஸ்’ என்ற பெயரில் அத்துணி எங்கும் பரவிற்று. கதை நன்றாக முடிந்தது. ஆனால் எல்லாக் கதையும் இப்படி முடியாது. ‘எப்படித் துவைப்பது’ என்ற ஒரு வரி தவறியதால் எத்தனை தொல்லை!

இரண்டாவது நிகழ்ச்சி 1985ஆம் ஆண்டுடையது. அமெரிக்காவில் நடந்த இந்திய விழாவின்போது நியூயார்க் கூப்பர் ஹெவிட் அருங்காட்சியகத்தில் ‘பொற்கண்’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு கண்காட்சி நடந்தது. அதை அமைத்தவர் நம் நாட்டு ராஜீவ் சேத்தி. இத்தாலியின் எத்தோரே சொத்சாஸ், ஜெர்மனியின் பிரை ஓட்டோ, ஆஸ்திரியாவின் ஹான்ஸ் ஹோலைன் போன்ற புகழ் பெற்றவர்கள் நம் கைவினைஞரோடு சேர்ந்து புதுப் பொருள்களை உருவாக்கினார்கள். உலகின் தலைசிறந்தோரும் நம் ஊர்த் தச்சரும் கொத்தரும் நெசவாளரும் ஒரே வேலையில் கை வைத்தார்கள் என்பதை எண்ணும்போது பெருமையாக இருக்கிறது.

வடிவம் யாருக்குச் சொந்தம்?

இங்கே என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என் அம்மா நன்றாகக் கோலம் போடுவார். ஒரு மார்கழியில், முந்திரிக் கொட்டையும் இலையும் வைத்து ஒரு சிக்குக் கோலம் போட்டார். நான் அதைக் கணக்கு நோட்டின் கட்டத்தாளில் எழுதினேன். ஒரு கட்டத்துக்கு ஓர் இழை என்று கணக்கு. அப்பா அதைப் பார்த்து, அட்டை வெட்டச் செய்து, ஒரு சேலையின் முந்தியில் நெய்தார். பாவும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் வியாபாரி அச்சேலையை வாங்கிக்கொண்டு வழக்கமான கூலியைக் கொடுத்தார். ஆறு மாதம் கழித்து அதே முந்தியை வேறு ஊரில் பல தறிகளில் நெய்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். “நம்ம கோலந்தான் எல்லாரும் கட்டிக்கட்டுமே” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார். ஆனால் அன்றிரவு அவர் தார் சுற்றாமல் சீக்கிரமே படுத்துவிட்டார்.

இக்கட்டுரைக்காகப் படித்தபோதுதான் இதற்குச் சட்டம் இருப்பதை அறிந்தேன். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டப்படி, புதிய வடிவம் ஒன்றைப் பதிவு செய்தால் 10 ஆண்டுக்கு உரிமை உண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம். ஆனால் அது விற்பனைக்கு வருவதற்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். வெளியே வந்துவிட்ட வடிவம் புதியதாகக் கருதப்படாது. எங்கள் முந்தி எங்கள் கையைவிட்டுப் போனது அப்படித்தான். இதைத் தவிர 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டம் உண்டு. அது ஒருவருக்கல்ல, ஓர் ஊரின் கைவினைஞர் எல்லாருக்கும் பொதுவான பாதுகாப்பு. காஞ்சிபுரம் பட்டும் பவானி ஜமுக்காளமும் அதைப் பெற்றுள்ளன.

பன்னாட்டுக் கூட்டுறவு என்றால் கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொள்வது மட்டுமன்று. யார் நினைத்தது, யார் செய்தது, யாருக்கு எவ்வளவு என்பதை முதலிலேயே எழுதி வைப்பதும் அதில் சேரும் என்பதை என் அம்மாவின் கோலம் எனக்குக் கற்பித்தது.

அப்பாவின் கேள்வி

கைத்தறி நாளுக்கு முந்தைய இரவு, என் பேச்சை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். தறியில் அமர்ந்தபடியே கேட்டார். நாடாவை நிறுத்திவிட்டு, “எல்லாம் நல்லாத்தாம்மா இருக்கு. அங்க பேசுனது இந்தத் தறிக்குழிக்கு வந்து சேந்துச்சா?” என்றார்.

எனக்கு விடை வரவில்லை. எங்கள் இரண்டாவது தறி பக்கத்திலேயே இருந்தது. அண்ணன் நெய்த தறி அது. அவன் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய் ஈராண்டு ஆகிறது. அக்குழியைப் பலகை போட்டு மூடி, மேலே நெல் மூட்டை வைத்திருக்கிறோம்.

அப்பா கேட்டது நியாயமே. அகமதாபாத் பிரகடனம் சொன்னவற்றுள் பல ஏட்டளவில் நின்றன. நம் நாட்டுக்குத் தேசிய வடிவமைப்புக் கொள்கை ஒன்று வந்ததே 2007இல்தான். அதாவது மாநாடு முடிந்து 28 ஆண்டுக்குப் பின்! 2019–20இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கைத்தறித் தொழிலாளர் சுமார் 35 லட்சம் பேர். அவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு மேல் பெண்கள். இத்தனை பேருடைய வீட்டுக்கும் ஒரு மாநாட்டின் பயன் தானாக நடந்து வந்துவிடாது.

ஆனால் நடந்து வந்த இடமும் உண்டு. இராஜஸ்தான் மாநிலத்தில் ஜவாஜா என்ற வறண்ட பகுதி இருக்கிறது. 1975ஆம் ஆண்டு பேராசிரியர் ரவி மத்தாய் அங்கே சென்றார். அகமதாபாத்திலுள்ள இந்திய மேலாண்மை நிறுவனத்தின் இயக்குநராக இருந்தவர் அவர். மழையில்லை, நிலம் விளையாது, வளமே இல்லை என்று பிறர் சொன்ன இடத்தில், மனிதர்களே வளம் என்று அவர் கூறினார். அங்கிருந்த தோல் தொழிலாளரோடும் நெசவாளரோடும் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தார் சேர்ந்து உழைத்தனர். பைகளும் விரிப்புகளும் புது வடிவம் பெற்றன. அதைவிட முக்கியமாக, மூலப்பொருள் வாங்குவது, விலை வைப்பது, கணக்கு எழுதுவது, வாங்குவோரிடம் தாமே பேசுவது ஆகியவற்றைக் கைவினைஞரே கற்றுக்கொண்டனர். தங்களுக்கென ஒரு சங்கமும் அமைத்தனர்.

மறுநாள் பேச்சு முடிந்து வீடு திரும்பியபின் இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “கணக்கு எழுதக் கத்துக்கிட்டாங்கன்னு சொன்ன பாரு, அதுதாம்மா சேதி” என்றார்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய மாநாட்டை நம்மால் கூட்ட முடியாது. ஆனால் சிறிய செயல்களைச் செய்யலாம்.

முதலாவதாக, நம் வகுப்பில் தறி வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறோம். நம் வீட்டில் உள்ள பழைய கரை, பழைய முந்தி மாதிரிகளைக் கட்டத்தாளில் எழுதி, தேதியிட்டு வைக்கலாம். சிஸ்டர் இதற்கென ஒரு பெரிய நோட்டு வாங்கித் தந்திருக்கிறார்கள். முதல் பக்கத்தில் என் அம்மாவின் முந்திரிக் கோலம் இருக்கிறது. அடியில் அம்மாவின் பெயரையும் எழுதியிருக்கிறேன்.

இரண்டாவதாக, ஆங்கிலத்தையும் கணக்கையும் மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காமல், நம் வீட்டுப் பொருளைப் பற்றி நாமே பேசுவதற்காகவும் படிக்கலாம். நடுவில் நிற்பவர் சொன்னால்தான் நமக்குத் தெரியும் என்ற நிலை மாற வேண்டும்.

மூன்றாவதாக, வடிவமைப்பும் ஒரு படிப்புத்தான் என்பதைப் பெற்றோர்கள் அறிய வேண்டும். மருத்துவம், பொறியியல் போலவே அதற்கும் கல்லூரிகள் உள்ளன. சென்னையில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் 1995 முதல் நடந்து வருகிறது. நுழைவுத் தேர்வு எழுதிச் சேரலாம். தறியின் ஓசையைக் கேட்டு வளர்ந்த பெண்ணுக்கு அங்கே கற்க வேண்டியது பாதி என்றால், கற்பிக்கக் கூடியதும் பாதி இருக்கும்.

முடிவுரை

ஒரு சேலை முழுமை பெறப் பாவு மட்டும் போதாது; ஊடையும் வேண்டும். நீளவாக்கில் நிற்கும் பாவு நம் ஊரும் நம் மரபும். குறுக்கே ஓடி வரும் ஊடை, வெளி உலகத்தின் அறிவும் வணிகமும். பாவு அறுந்தால் ஊடைக்குப் பிடிப்பில்லை. ஊடை வராவிட்டால் பாவு வெறும் நூல். இரண்டையும் அளவாக அடித்துச் சேர்ப்பது நெய்பவர் கை. அகமதாபாத்தில் கூடியவர்கள் சொன்னதும் இதுதான் என்று நான் எண்ணுகிறேன்.

அண்ணன் தீபாவளிக்கு வந்திருந்தபோது அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தான். “இந்த முந்தியை நான் நெய்திருக்கேன்” என்று ஒரு பக்கத்தில் விரலை வைத்தான். நெல் மூட்டையை யாரும் இன்னும் நகர்த்தவில்லை. ஆனால் அன்று அவன் அப்பாவின் தறியில் அமர்ந்து ஒரு சாண் நெய்துவிட்டுத்தான் பேருந்து ஏறினான்.

கைத்தறி வாழ்க! அதை நெய்யும் கைகள் வாழ்க!

— பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி